கிறிஸ்தோ போபோவ்: உலக ஜூனியர் வெள்ளியிலிருந்து முதல் பெரிய பட்டம் வரை

2019 அக்டோபரில் ரஷ்யாவின் கசான் நகரில் உலக ஜூனியர் பேட்மிண்டன் போட்டி நடந்தது. ஆண்கள் ஒற்றையர் இறுதியில் ஒரு பக்கம் தாய்லாந்தின் குன்லவுட் விதித்சர்ன். 2017இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவிலும் 2018இல் கனடாவின் மார்க்கமிலும் இதே பட்டத்தை வாங்கிவிட்டு மூன்றாவது முறையாக இறுதிக்கு வந்திருந்தார். எதிரே 17 வயது பிரெஞ்சு இளைஞர் கிறிஸ்தோ போபோவ். குன்லவுட் ஜெயித்து ஹாட்ரிக் அடித்தார். கிறிஸ்தோவுக்கு வெள்ளி.

ஐரோப்பியப் பையன்கள் இந்தப் போட்டியில் இறுதிவரை போவதே அபூர்வம். 2010இல் மெக்சிகோவின் குவாதலஹாராவில் டென்மார்க்கின் விக்டர் ஆக்செல்சன் வென்றதுதான் ஐரோப்பாவுக்கு இதில் வந்த முதல் தங்கம். அந்த ஆக்செல்சன் பின்னாளில் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். ஆகவே கசானுக்குப் பிறகு கிறிஸ்தோவின் மேல் பிரான்சில் பார்வை திரும்பியதில் வியப்பில்லை. ஆனால் உலக டூர் என்ற சர்வதேசப் போட்டித் தொடரின் சூப்பர் 300 நிலையில் (எண் கூடக் கூடப் போட்டி பெரியது) அவருடைய முதல் ஒற்றையர் பட்டம் வந்தது 2024 மார்ச்சில். நடுவே ஏறத்தாழ நாலரை ஆண்டுகள். அதற்குள் குன்லவுட் 2023இல் கோபன்ஹேகனில் உலகச் சாம்பியனே ஆகிவிட்டார்.

"நல்லா வந்துட்டிருந்த பையன், நடுவுல தேங்கிட்டான்" என்று இந்த மாதிரி ஆண்டுகளைப் பற்றிப் பேசுவது எளிது. கிறிஸ்தோ விஷயத்தில் அது சரியான கணிப்பு இல்லை என்பது என் எண்ணம். அவர் எங்கே வளர்ந்தார், தினமும் யாரிடம் தோற்றார், ஜூனியர் வயது முடியும் நேரத்தில் உலகத்தில் என்ன நடந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இந்த நாலரை ஆண்டுகள் வேறு மாதிரித் தெரியும்.

துறைமுக ஊரில் ஒரு குடும்பம்

கிறிஸ்தோ பிறந்தது 2002 மார்ச் 8 அன்று, பல்கேரியாவின் தலைநகர் சோஃபியாவில். அண்ணன் தோமா ஜூனியர் போபோவ் அதே ஊரில் 1998 செப்டம்பர் 29 அன்று பிறந்தவர். அப்பா தாமஸ் போபோவும் பேட்மிண்டன் வீரர்தான், பின்னர் பயிற்சியாளர் ஆனார். குடும்பம் பிரான்சுக்குக் குடிபெயர்ந்து ஃபோஸ்-சுர்-மேரில் ஊன்றியது.

பிரான்ஸ் என்றதும் நம் மனசில் எழுகிற ஊர் இல்லை இது. மார்செய்க்கு மேற்கே, மத்தியதரைக் கடலின் வளைகுடா ஒன்றின் ஓரம் இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் தொடங்கி பெரிய துறைமுகமும் எஃகு ஆலையும் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையங்களும் ரசாயன ஆலைகளும் வந்து, முழுக்க ஒரு தொழில் ஊராக மாறிவிட்டது. எண்ணூர்ப் பக்கம் போய்வந்தவர்களுக்கு அதன் முகம் சட்டென்று பிடிபடும். இங்கேதான் போபோவ் சகோதரர்கள் அப்பாவிடம் ஆடக் கற்றுக்கொண்டார்கள். பெரியவர்களான பிறகும் வெகுகாலம் அங்கேயே அவரிடமே பயிற்சி எடுத்தார்கள்.

இந்தக் கடைசிச் செய்திதான் முக்கியம், ஏனென்றால் பிரான்சில் இது வழக்கமான பாதை இல்லை. அங்கே திறமை தெரிகிற பிள்ளையை வட்டாரப் பயிற்சி மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து தேறினால் பாரிஸின் கிழக்கு விளிம்பில் வென்சென் காட்டுக்குள் இருக்கும் இன்செப் என்ற தேசிய விளையாட்டு நிறுவனத்துக்குப் போகலாம். தங்குமிடம், படிப்பு, மருத்துவம், கோச், சக வீரர்கள் எல்லாம் அங்கே ஒரே வளாகத்தில். போபோவ் வீட்டுப் பிள்ளைகள் பிரான்ஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு நாட்டுக்காக ஆடினார்கள், ஆனால் அன்றாடப் பயிற்சி அப்பாவின் கையில் இருந்தது.

நம் நாட்டில் இதற்கு நேரெதிரான முடிவை எடுத்த குடும்பம் ஒன்று உண்டு. லக்ஷ்யா சென், அவர் அண்ணன் சிராக் சென் இருவருக்கும் அப்பா டி.கே.சென் கோச். அல்மோராவில் அவரிடம் தொடங்கிய பிள்ளைகள் பெங்களூருவில் பிரகாஷ் படுகோன் அகாடமிக்குப் போனார்கள். மலையூரில் போதுமான எதிராளிகள் கிடைக்க மாட்டார்கள் என்பது அந்தக் கணக்கில் நிச்சயம் இருந்திருக்கும். ஃபோஸிலும் அதே பற்றாக்குறைதானே இருந்திருக்க வேண்டும்? அங்கே அதை ஈடுகட்டியது அண்ணன்.

பிரான்சுக்கு அன்று இருந்தது என்ன

அண்ணனைப் பற்றிச் சொல்வதற்கு முன் நாட்டைப் பற்றிக் கொஞ்சம். பிரெஞ்சு பேட்மிண்டன் சம்மேளனம் தனியாக உருவானது 1978இல். இன்று அங்கே பள்ளிகளில் மிக அதிகமாக ஆடப்படும் விளையாட்டுகளில் பேட்மிண்டனும் ஒன்று, பதிவுபெற்ற கிளப் ஆட்டக்காரர்கள் சுமார் 2 லட்சம் பேர். ஆடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. சர்வதேச மட்டத்தில் ஜெயிக்கிறவர்களுக்குத்தான் பஞ்சம்.

2009இல் நம் ஹைதராபாத்தில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் பி ஹொங்யான் பெண்கள் ஒற்றையரில் வெண்கலம் வென்றார். உலகச் சாம்பியன்ஷிப்பில் பிரான்சுக்கு அதுதான் முதல் பதக்கம். ஆனால் அவர் சீனாவில் பிறந்து, அங்கேயே ஆட்டத்தைக் கற்று, பிறகு ஐரோப்பாவுக்கு வந்தவர். ஆண்களில் பிரிஸ் லெவர்தே தனியாளாக வெகுகாலம் தாக்குப்பிடித்தார். 2017இல் கிளாஸ்கோ உலகச் சாம்பியன்ஷிப்பின் முதல் சுற்றிலேயே மலேசிய நட்சத்திரம் லீ சோங் வெய்யை மூன்று கேம்களில் வீழ்த்தியபோது, பேட்மிண்டன் பார்க்கிற எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனாலும் அவருக்குப் பின்னால் வரிசை என்று ஒன்று இல்லை.

2015இல் டென்மார்க்கின் பீட்டர் கேட் பிரெஞ்சு அணியின் பொறுப்புக்கு வந்தார். ஆட்டக்காரராக உலகின் முதலிடத்தில் இருந்தவர். தேசிய அணிக்குள் டென்மார்க்கின் பயிற்சி ஒழுங்கு கொஞ்சம் கொஞ்சமாக வந்த காலம் அது. போபோவ் அண்ணன் ஜூனியரில் உச்சத்தைத் தொட்டதும் அதே ஆண்டுகளில்தான்.

முலூஸ், 2017

ஐரோப்பிய ஜூனியர் சாம்பியன்ஷிப் அந்த ஏப்ரலில் பிரான்சின் கிழக்கெல்லையில் இருக்கும் முலூஸ் நகரில் நடந்தது. தோமா ஜூனியருக்கு வயது 18. ஒற்றையரில் தங்கம். தோம் ஜிகேலோடு சேர்ந்து இரட்டையரிலும் தங்கம். கலப்பு அணிப் போட்டியில் பிரான்சுக்கும் தங்கம். ஒரே போட்டியில் மூன்று தங்கமும் ஒரே பையன் கையில்.

அவரோடு இரட்டையர் ஆடிய ஜிகேல் பின்னர் டெல்ஃபீன் டெல்ரூவோடு கலப்பு இரட்டையருக்குப் போய், 2025இல் பாரிஸில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வாங்கினார். அதாவது முலூஸில் மேடையேறியது ஒரு தனி நபரின் திறமை மட்டும் இல்லை, ஒரு தலைமுறையே வந்துகொண்டிருந்தது.

கிறிஸ்தோவுக்கு அப்போது 15 வயது. வீட்டில் தினமும் தன்னோடு ஆடுகிற ஆள் ஐரோப்பாவின் சிறந்த ஜூனியர் ஆகிவிட்டார். இந்த ஒரு உண்மையைத்தான் அவருடைய ஆரம்பக் காலத்தின் அச்சாணி என்று நான் நினைக்கிறேன்.

டேப்புக்கு மேல் நாலு விரல்

வெவ்வேறு வயதுக்காரர்கள் இருவர் கோர்ட்டில் நின்றால் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். நெட்டோரம் ஷட்டிலை மெல்லத் தொட்டு மறுபக்கம் உருட்டிவிடும் அடி இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். 15 வயதுப் பையன் ஓடிப்போய், கொஞ்சம் தாமதமாக, ஷட்டில் இறங்கிவிட்ட பிறகு ராக்கெட்டை நீட்டித் தொடுகிறான். நெட்டின் மேல்விளிம்பில் இருக்கும் டேப்புக்கு மேல் நாலு விரல் உயரத்தில் ஷட்டில் கடக்கிறது. தன் வயதுப் பையனோடு ஆடினால் இது நல்ல அடி. எதிராளி வந்து சேர்வதற்குள் அது டேப்புக்குக் கீழே இறங்கிவிடும், அவன் வேறு வழியில்லாமல் மேலே தூக்கித் தருவான், நம் பையன் ஸ்மாஷ் அடித்துப் புள்ளி எடுப்பான். "சூப்பர்" என்று பக்கத்துக் கோர்ட்டிலிருந்து குரல் வரும்.

அதே அடியை 18 வயது அண்ணனிடம் ஆடிப் பாருங்கள். அவர் கால் நீளம், வருகிற வேகம் வேறு. ஷட்டில் டேப்பைத் தாண்டும் முன்பே ராக்கெட் அங்கே இருக்கும். மணிக்கட்டை ஒரு தட்டு, ஷட்டில் தம்பியின் கால்மாட்டில் விழுந்திருக்கும். அந்த நாலு விரல் உயரத்தைத் தம்பி இரண்டு விரலாக்க வேண்டும், பிறகு ஒரு விரலாக்க வேண்டும். அதற்கு ஷட்டிலை உயரத்திலேயே சந்திக்க வேண்டும். உயரத்தில் சந்திக்க முதல் அடி எடுத்து வைப்பது அரை நொடி முந்த வேண்டும். எந்தக் கோச்சும் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாத பாடம் இது. சொன்னால் பையன் தலையை ஆட்டுவான், ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் நாலு விரல் உயரத்திலேயே ஜெயித்துவிட்டு வந்து நிற்பான்.

ஜூனியர் பேட்மிண்டனின் பெரிய ஆபத்து இதுதான். வட்டாரத்தில் முதல் ஆளாக இருக்கும் பிள்ளை, தப்பான அடிகளால் ஜெயித்துக்கொண்டே இருக்கிறது. வெற்றி அந்தத் தப்பை இறுக்கிவிடுகிறது. 19 வயதில் சீனியர் கோர்ட்டுக்குள் வரும்போது பத்து வருடப் பழக்கத்தை உடைக்க வேண்டியிருக்கும். சீனாவிலும் இந்தோனேசியாவிலும் பெரிய விடுதி மையங்களில் இந்தப் பிரச்சினை தானாகவே தீர்கிறது, அங்கே ஒரு பிள்ளையை அடிக்கப் பத்து அண்ணன்கள் இருப்பார்கள். ஃபோஸில் ஒரே ஒரு அண்ணன். ஆனால் அந்த ஒருவர் முலூஸில் மூன்று தங்கம் வாங்கியவர்.

அண்ணனுக்கு இதில் என்ன கிடைத்தது என்று கேட்கலாம். மூன்றரை வயது இடைவெளி 12, 15 வயதுகளில் பெரிய பள்ளம். 17, 21 வயதுகளில் அது ஏறக்குறைய மூடிவிடும். கசானில் கிறிஸ்தோ இறுதிக்கு வந்தபோது அண்ணனுக்கு வீட்டிலேயே ஒரு உலகத் தரமான எதிராளி தயாராகியிருந்தார்.

அப்பாவே கோச்சாக இருப்பதைப் பற்றி எனக்கு முழு நிம்மதி கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கோர்ட்டில் வாங்கிய திட்டு சாப்பாட்டு மேசைவரை வரும், தோற்ற நாளில் போய் ஒதுங்க ஒரு வீடு இருக்காது. இந்தப் பாரத்தில் நொறுங்கிய பிள்ளைகள் எல்லா விளையாட்டிலும் உண்டு. போபோவ் வீட்டில் அது நொறுங்காமல் போனதற்குப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ள இரண்டு தோள் இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒற்றையரும் இரட்டையரும்

கிறிஸ்தோவின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் முதலில் கவனிப்பது கைவேகம். பாய்ந்து விழுந்து எடுப்பது, கடைசி நொடியில் ராக்கெட்டின் முகத்தைத் திருப்பி எதிராளியை ஏமாற்றுவது, தட்டையாக வேகமாக அடித்து எதிராளியை மூச்சுவிட விடாமல் செய்வது. இதில் பாதி இரட்டையர் கோர்ட்டில் விளையும் பயிர். அண்ணனும் தம்பியும் ஜோடியாக உலக டூர் போட்டிகளில் தொடர்ந்து ஆடினார்கள், ஒற்றையரிலும் இருவரும் தனித்தனியே ஆடினார்கள். சீனியர் மட்டத்தில் இன்று இப்படி இரண்டையும் சுமக்கும் ஆண்கள் மிகக் குறைவு.

இரட்டையர் எதைக் கற்றுக்கொடுக்கும் என்றால், சர்வீஸையும் அடுத்த இரண்டு அடிகளையும். அங்கே ராலியின் விதி அந்த மூன்று அடிக்குள் எழுதப்பட்டுவிடும். ஷட்டிலைத் தூக்கிக் கொடுத்தால் ஸ்மாஷ் வரும் என்பதால், தூக்காமல் ஆடும் பழக்கம் எலும்பில் ஏறும். உடம்புக்கு நேராக வரும் அடியை முழங்கையை ஒடுக்கி எடுக்கக் கை பழகிவிடும். ஒற்றையர் மட்டும் ஆடி வளர்ந்தவர்கள் திணறும் இடம் அது.

இரட்டையர் பறிப்பது கால்களை. உலக டூர் போட்டி செவ்வாய்க்கிழமை தொடங்கி ஞாயிறு முடியும். இரண்டு பிரிவிலும் ஆடுகிறவருக்கு ஒரே நாளில் இரண்டு ஆட்டம் விழும். காலையில் ஒற்றையரில் ஒரு மணி நேரம் மூலைக்கு மூலை ஓடியவர் மாலையில் இரட்டையரில் தாழ உட்கார்ந்து ஸ்மாஷ் வாங்க வேண்டும். மறுநாள் ஒற்றையர் காலிறுதியில் எதிரே நிற்பவர் முந்தின நாள் ஒரே ஆட்டத்தோடு முடித்து, ஐஸ் வைத்து, தூங்கி எழுந்து வந்திருப்பார். 20, 21 வயதில் மூன்றாவது கேமில் நழுவுகிற சில ஆட்டங்களின் விலை இதுதான்.

குடும்பம் இந்தச் சுமையை இறக்கி வைத்திருக்க வேண்டுமா? ஒற்றையரில் மட்டும் நின்றிருந்தால் பட்டம் முன்பே வந்திருக்கும் என்று வாதாடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கிறிஸ்தோவின் ஆயுதமே அந்தக் கைதான். அதைக் கூர்தீட்டிய இடத்தை விட்டு 18 வயதில் வெளியே வந்திருந்தால், அவர் ஆசிய வீரர்களோடு கால்பலத்தில் மட்டும் போட்டியிடும் இன்னொரு ஐரோப்பியராகியிருப்பார்.

காணாமல் போன இரண்டு ஆண்டுகள்

உலக ஜூனியரில் ஆட, அந்த ஆண்டு முடியும்வரை 19 வயது நிறையக் கூடாது. 2002 மார்ச்சில் பிறந்த கிறிஸ்தோவுக்கு 2020 என்ற ஒரு வாய்ப்பு இன்னும் மிச்சமிருந்தது. கசானில் தோற்ற பையன் அடுத்த ஆண்டு தங்கத்துக்குப் போகலாம் என்றுதான் யாரும் கணக்குப் போட்டிருப்பார்கள். 2020இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடக்க வேண்டிய போட்டியைக் கோவிட் விழுங்கியது. 2021லும் நடக்கவில்லை. 2022இல் ஸ்பெயினின் சாந்தாந்தேரில் உலக ஜூனியர் மீண்டும் கூடியபோது கிறிஸ்தோவுக்கு வயது தாண்டிவிட்டது.

நடுவில் ஒரு கதவு திறந்தது. 2020 இறுதியில் ஃபின்லாந்தின் லாஹ்தியில் ஐரோப்பிய ஜூனியர் எப்படியோ நடந்தேறியது, அங்கே ஒற்றையர் தங்கத்தைக் கிறிஸ்தோ எடுத்துக்கொண்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அண்ணன் வைத்திருந்த பட்டம்.

இங்கே ஒரு நடைமுறை விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஜூனியர் பதக்கத்துக்குச் சீனியர் தரவரிசையில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. உலக ஜூனியர் வெள்ளி வாங்கியவரும் அடியிலிருந்துதான் ஏற வேண்டும். சீனியரில் 52 வாரங்களில் கிடைத்த சிறந்த 10 முடிவுகளைக் கூட்டித்தான் தரவரிசை. இன்டர்நேஷனல் சீரிஸ் பட்டத்துக்கு 2500 புள்ளி, இன்டர்நேஷனல் சேலஞ்சுக்கு 4000, சூப்பர் 100க்கு 5500, சூப்பர் 300க்கு 7000. சூப்பர் 500, 750, 1000 என்று மேலே போனால் 9200, 11000, 12000. இதில் ஒரு கொடுமை என்னவென்றால், சூப்பர் 1000 போட்டியின் முதல் சுற்றில் தோற்று வெளியேறுகிறவருக்கு 3000 புள்ளி. சிறிய ஊர் ஒன்றில் ஐந்து ஆட்டம் ஜெயித்து இன்டர்நேஷனல் சீரிஸ் பட்டம் தூக்குகிறவருக்கு அதைவிடக் குறைவு. மேலே இருப்பவர் தோற்றாலும் மேலேயே இருப்பார். கீழே இருப்பவர் ஜெயித்துக்கொண்டே இருந்தால்தான் ஒரு படி நகர முடியும்.

அந்த ஏணியில் கிறிஸ்தோ ஏறவேண்டிய நேரத்தில் போட்டிகளே இல்லை. 18, 19 வயதில் வாரம் ஒரு ஊர் என்று அடிவாங்கிக் கற்கவேண்டிய ஒரு சீசன் அப்படியே போய்விட்டது. எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். ஆனால் பயிற்சி மையங்கள் பூட்டப்பட்டபோது யாருக்கு எதிராளி மிச்சமிருந்தார் என்று பாருங்கள். வீட்டுக்குள்ளேயே கோச்சும் எதிராளியும் இருந்த குடும்பத்துக்கு இழப்பு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். 2021 மார்ச்சில் ஓர்லியான் மாஸ்டர்ஸ் நடந்தபோது ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை அண்ணன் தோமா வென்றார். 2022இல் அதே ஓர்லியானில் இந்தியாவின் மிதுன் மஞ்சுநாத்தை இறுதியில் தோற்கடித்து மறுபடியும் வென்றார்.

மியுல்ஹைம், 2024

2023 பிப்ரவரியில் வடக்கு பிரான்சின் ஏர்-சுர்-லா-லீஸ் என்ற சிற்றூரில் ஐரோப்பிய கலப்பு அணிப் போட்டி நடந்தது. டென்மார்க் வென்றது, பிரான்சுக்கு வெள்ளி. 2024 பிப்ரவரியில் போலந்தின் வூச் நகரில் ஆண்கள் அணிப் போட்டியிலும் அதே கதை: இறுதியில் டென்மார்க், வெள்ளி பிரான்சுக்கு. அணிப் போட்டி தனிப் போட்டியைவிட வேறு விதமாக ஒரு பையனை முதிர வைக்கும். அங்கே தோல்வி தனக்கு மட்டும் சொந்தமில்லை.

வூச்சுக்குப் பிறகு சில வாரங்களில் ஜெர்மன் ஓபன். ரூர் ஆற்றங்கரையில் இருக்கும் மியுல்ஹைமில், சூப்பர் 300 நிலைப் போட்டி. கிறிஸ்தோ பட்டம் வென்றார். 22 வயது நிறைய இன்னும் சில நாட்களே இருந்தன.

அவருடைய ஆரம்பக் காலம் முடிந்தது அந்த வாரத்தில் என்று நான் கோடு போடுவேன். அதற்குப் பிறகு நடந்தது வேறு அத்தியாயம்: 2025 டிசம்பரில் ஹாங்சோவில் உலக டூர் இறுதிப் போட்டியில், அந்த ஆண்டின் உலகச் சாம்பியன், சீனாவின் ஷி யூச்சியை அவருடைய நாட்டிலேயே தோற்கடித்துப் பட்டம் எடுத்தார். பிரான்சிலிருந்து அதுவரை ஒருவரும் எடுக்காத பட்டம்.

அலெக்ஸ் லானியே என்ற எதிர்வாதம்

இதுவரை சொன்னதைக் கேட்டு "குடும்பப் பாதைதான் சிறந்தது, தேசிய மையம் தேவையில்லை" என்ற முடிவுக்கு யாரும் தாவிவிடக் கூடாது. அதற்குக் குறுக்கே அலெக்ஸ் லானியே நிற்கிறார். 2005 ஜனவரியில் பிறந்தவர், நார்மண்டிப் பகுதிக்காரர், இன்செப் வழியாக வளர்ந்தவர். 2024 ஆகஸ்டில் யோக்கஹாமாவில் ஜப்பான் ஓபன் பட்டத்தை வென்றபோது அவருக்கு 19 வயது. அது சூப்பர் 750 நிலை. கிறிஸ்தோ 21 முடியும்போது சூப்பர் 300 வென்றார், லானியே 19இல் அதைவிட இரண்டு படி மேலே.

லானியேவைப் பார்க்கும்போது என் வாதம் கொஞ்சம் சுருங்குகிறது, ஆனால் உடையவில்லை. இன்செப்பில் அவருக்குக் கிடைத்ததும் அதேதான்: தினமும் தன்னைவிட வலுவான ஆட்களோடு கோர்ட்டில் நிற்கும் வாய்ப்பு. அவர் உள்ளே வந்த காலத்தில் பிரெஞ்சு அணியில் அப்படிப்பட்டவர்கள் பலர் இருந்தார்கள், முலூஸ் தலைமுறையின் புண்ணியத்தில். 2010களின் தொடக்கத்தில் ஒரு பையன் இன்செப்புக்குப் போயிருந்தால் ஒற்றையரில் லெவர்தேயைத் தவிர அவனை அடிக்க எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? போபோவ் வீடு வெளியே இருந்ததற்கு அன்று நியாயம் இருந்தது. லானியே உள்ளே போனதற்கு அவர் காலத்தில் நியாயம் இருந்தது.

பாசலில் ஒரு காலிறுதி

பிரெஞ்சுப் பையனின் கதையில் எனக்கு மிகவும் உறைப்பது வரைபடம்தான். ஓர்லியான், சுவிட்சர்லாந்தின் பாசல், ஜெர்மனியின் சார்ப்ரூக்கன், மியுல்ஹைம் என்று உலக டூர் போட்டிகள் நடக்கும் ஊர்கள் ஃபோஸிலிருந்து ரயிலிலோ காரிலோ ஒரு நாளுக்குள் போய்ச்சேரும் தூரத்தில் இருக்கின்றன. விசா வேண்டாம். முதல் சுற்றில் தோற்றால் மறுநாள் வீட்டில் பயிற்சி. தோல்வியின் செலவு சில நூறு யூரோ.

2025 மார்ச்சில் பாசலில் நடந்த சுவிஸ் ஓபனில் சென்னையின் சங்கர் முத்துசாமி அப்போது உலகின் 2ஆம் நிலையில் இருந்த ஆண்டர்ஸ் ஆண்டன்சனை 18-21, 21-12, 21-5 என்று சாய்த்தார். கடைசி கேமின் ஐந்தைப் பாருங்கள்! தமிழ்நாட்டு பேட்மிண்டன் கோர்ட்டுகளில் அன்று வேறு பேச்சே இல்லை. அடுத்த சுற்றில், காலிறுதியில், அவருக்கு எதிரே நின்றவர் கிறிஸ்தோ போபோவ். சங்கர் நேர் கேம்களில் தோற்றார்.

இருவர் கதையிலும் ஒத்துப்போவது நிறைய. சங்கரும் உலக ஜூனியர் வெள்ளிக்காரர். 2022இல் சாந்தாந்தேரில் சீன தைபேயின் குவோ குவான்-லின்னிடம் 14-21, 20-22 என்று இறுதியில் தோற்றார். அவரும் பெரிய அகாடமிகள் இருக்கும் ஹைதராபாத்துக்கோ பெங்களூருவுக்கோ போகாமல் சென்னையிலேயே அரவிந்தன் சாமியப்பனிடம் வளர்ந்தவர். ராலியை நீட்டி, எதிராளியின் பொறுமையைக் கரைத்து ஆடுவது அவர் பாணி. கிறிஸ்தோ அந்த நீட்டலுக்கே இடம் தராமல் முன்கோர்ட்டில் ஷட்டிலைச் சீக்கிரமே பிடித்துவிடுகிறவர்.

வித்தியாசம் பயணத்திலும் பணத்திலும்தான் இருக்கிறது. சங்கர் ஒவ்வொரு ஐரோப்பியப் போட்டிக்கும் விசா எடுத்து, விமானம் ஏறி, பனியில் இறங்கி, சில நேரம் தகுதிச் சுற்றிலிருந்தும் தொடங்க வேண்டும். ஒருமுறை போனால் அடுத்தடுத்து இரண்டு மூன்று போட்டிகளைக் கோத்துக்கொண்டால்தான் செலவு கட்டும். வீட்டில் தினமும் அடிக்க ஒரு தோமா இல்லாத சென்னையில், அந்தப் பயணங்கள்தான் அவருக்கு அண்ணன். அவற்றின் எண்ணிக்கையை அவருடைய திறமை தீர்மானிப்பதில்லை, கையில் இருக்கும் பணம் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு ஜூனியருக்கு ஸ்பான்சர் தேடும்போது ராக்கெட்டும் ஷூவும் தருகிறவர்கள் கிடைக்கிறார்கள். மூன்று மாத ஐரோப்பியச் சுற்றுக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் தேவை.

பாசலில் ஆண்டன்சனை வென்றபோது சங்கருக்கு வயது 21. மியுல்ஹைமில் பட்டம் வாங்கியபோது கிறிஸ்தோவுக்கும் 21தான்.